இருட்டுத் தேவாலயம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கூரான வளைவும் பெரிய ஜன்னல்களுமாக நிற்கும் கோதிக் தேவாலயங்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த குறிப்பைப் படித்துவிட்டு எழுதுகிறேன். என் மகன் பிரான்சின் துலூஸ் நகரில் வேலை பார்க்கிறான். கோடையில் நானும் மனைவியும் ஆறு வாரம் அவனோடு இருந்தோம். பாரிஸ், ஷார்த்ர் தேவாலயங்களெல்லாம் பார்த்து வாயைப் பிளந்தோம். அப்புறம் ஒரு சனிக்கிழமை கோங்க் என்ற மலைக்கிராமத்துக்குக் காரில் கூட்டிப்போனான். ரோமனெஸ்க் கலையில், அதாவது கோதிக்குக்கு முந்தைய ஐரோப்பியக் கட்டடப் பாணியில், இதைவிட நல்லது கிடையாது என்றான். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வெளியே கோட்டை மாதிரி, உள்ளே குகை மாதிரி. தடித்தடியாகத் தூண்கள், அளவில் சிறிய ஜன்னல்கள். அதில்கூட வண்ணக் கண்ணாடி கிடையாது, குளியலறைக் கண்ணாடி மாதிரி மங்கலாக வெள்ளையாக ஏதோ போட்டிருக்கிறார்கள். கோதிக் கட்டத் தெரியாத காலத்தில் கட்டிப் பழகிய இடம் என்றுதான் தோன்றியது. அதைச் சொன்னேன், மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். நான் எதைப் பார்க்கத் தவறினேன்?

சுந்தரம்

அன்புள்ள சுந்தரம் அவர்களுக்கு,

நான் உங்கள் மகன் பக்கம். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டடங்களுக்குப் பெயர் வைத்த மனிதரே உங்களைப் போலத்தான் நினைத்தார். ஷார்ல் த ஜெர்வில் என்ற நார்மண்டிக்காரர் 1818இல் நண்பருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் 'ரோமன்' என்ற சொல்லை இதற்குப் பயன்படுத்துகிறார். பாராட்டாக அல்ல. கனமான முரட்டுக் கட்டடங்கள், ரோமானியர்களின் வேலையை நம்முடைய நாகரிகமில்லாத முன்னோர்கள் கெடுத்துவைத்தது என்கிற பொருளில். கோதிக் என்பதும் வசைச்சொல்லாகப் பிறந்ததுதான், ஆனால் அந்த வசை எப்போதோ மறந்துபோயிற்று. ரோமனெஸ்க் மட்டும் இன்னும் அதைச் சுமந்துகொண்டிருக்கிறது. நமக்கும் தேவாலயம் என்றதும் கூரான வளைவுதான் மனதில் வருகிறது. சென்னை சாந்தோம் தேவாலயம் 1890களில் கோதிக் பாணியில் எழுப்பப்பட்டது, அதைப் பார்த்துப் பழகிய கண்தானே நம்முடையது.

சரி, அந்தத் தடித்த சுவருக்கு வருவோம். ஆயிரமாம் ஆண்டு வாக்கில் மேற்கு ஐரோப்பாவின் பெரிய தேவாலயங்கள் பெரும்பாலும் மரக்கூரை போட்டவை. மெழுகுவத்தி, விளக்கு, மின்னல் எது பட்டாலும் போயிற்று. 1120இல் பிரான்சின் வெஸ்லேயில், மகதலேனா திருவிழாவுக்கு முந்தைய இரவு பிடித்த தீயில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யாத்திரிகர்கள் செத்ததாக அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. ஆக, கூரையையும் கல்லாலேயே போடவேண்டும். ரோமானியர்களுக்கு இது தெரிந்திருந்தது, ஆனால் அவர்களிடம் கான்கிரீட் இருந்தது. இவர்களிடம் இருந்தது செதுக்கிய கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான்.

கோங்க் நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். ஒரு பீப்பாயை நெடுக அறுத்துக் கவிழ்த்தது போன்ற கூரை, தரையிலிருந்து சுமார் 22 மீட்டர் உயரத்தில், ஏழு மீட்டர்கூட இல்லாத அகலத்தில். அது கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை, இரண்டு பக்கமும் வெளியே தள்ளுகிறது. வழுக்குத் தரையில் காலை அகட்டிக்கொண்டு நிற்பவனின் கால்கள் விலகிப்போவது மாதிரி, சுவர்கள் விலகப் பார்க்கும். அதுவும் ஓரிரு இடத்தில் இல்லை, கூரை போகிற நீளம் முழுக்க. சுவரைத் தடியாக்காமல் வழியில்லை. அதில் பெரிய ஜன்னல் வைத்தால் தாங்குகிற இடத்திலேயே ஓட்டை போட்ட மாதிரி.

கோங்கில் இதற்கு அவர்கள் செய்த தந்திரத்தை நீங்கள் பார்த்தும் கவனிக்காமல் விட்டிருப்பீர்கள். பக்கக்கூடங்களுக்கு மேலே ஒரு மாடம் இருக்கிறது இல்லையா, இரட்டை இரட்டை வளைவுகளாக நடுக்கூடத்தை எட்டிப் பார்க்கிற மேல்தளம். அதன் கூரை கால்வட்டம். நடுக்கூரை வெளியே தள்ளும்போது இந்தக் கால்வட்டம் தோள்கொடுத்து அந்தத் தள்ளலை வெளிச்சுவருக்குக் கொண்டுபோகிறது. கோதிக் கட்டடங்களில் வெளியே சிலந்திக்கால்கள் மாதிரி பறந்து நிற்கும் உதைவளைவுகளைப் பார்த்து வியந்திருப்பீர்களே, வேலை அதேதான், இங்கே அதை மேற்கூரைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். விலை என்னவென்றால், நடுக்கூடத்துக்கு நேராக வெளிச்சம் கிடையாது, மாடத்தின் வழியே வடிகட்டிக்கொண்டுதான் வரும். நீங்கள் குகை என்றது இதைத்தான்.

கட்டத் தெரியாத காலம் என்று மட்டும் சொல்லாதீர்கள். இங்கிலாந்தின் டர்ஹாம் தேவாலயத்தை 1093இல் தொடங்கி 1133இல் முடித்தார்கள், சுத்தமான ரோமனெஸ்க், பூதம் போன்ற தூண்கள். அதன் கூரையில் விலா எலும்பு மாதிரி ஓடும் கல்வளைவுகள் இருக்கின்றன, நடுக்கூடத்தில் கூரான வளைவும் வந்துவிட்டது. பிரான்சின் குளூனி மடத்தின் மூன்றாவது தேவாலயம் 1088இல் தொடங்கியது, நீளம் ஏறக்குறைய 187 மீட்டர், ரோமில் இப்போதைய புனித பேதுரு பேராலயம் வரும்வரை கிறிஸ்தவ உலகில் இதைவிடப் பெரியது இல்லை. அங்கேயும் கூரான வளைவுதான். துணிச்சலுக்கு விலையும் கொடுத்தார்கள், 1125இல் கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது, சரிசெய்து 1130இல் போப்பை வைத்துப் புனிதப்படுத்தினார்கள். (பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அதை விற்று, கல்லுக்காக உடைத்துத் தள்ளினார்கள், இன்று நிற்பது ஒரு துண்டுதான். அந்த ஊருக்குப் போனால் வயிறு எரியும்.) முதல் கோதிக் வேலை என்று எல்லோரும் காட்டும், பாரிஸுக்குப் பக்கத்துச் செயின்ட் தெனி தேவாலயத்தின் பீடப்பகுதி முடிந்தது 1144இல். அதன் உறுப்புகள் அத்தனையும் அதற்கு முன்பே ரோமனெஸ்க் கொத்தனார்கள் கையில் இருந்தன, செயின்ட் தெனியில் அவற்றை ஒன்றுசேர்த்தார்கள்.

கோங்குக்கு ஏன் அவ்வளவு பெரிய தேவாலயம் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா? மலைச்சரிவில் தொங்கும் சின்ன ஊர் அது. காரணம் ஒரு திருட்டு. அஜென் நகரில் நான்காம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் ஒரு சிறுமி, புனித ஃபுவா. பெயருக்கு விசுவாசம் என்று பொருள். அவளுடைய எலும்புகள் அஜெனில் புதுமைகள், அதாவது அற்புதங்கள், செய்துகொண்டிருந்தன. ஒன்பதாம் நூற்றாண்டில் கோங்க் மடத்தைச் சேர்ந்த அரிவிஸ்கஸ் என்ற துறவி அங்கே போய்ச் சேர்ந்து, பத்து வருடம் நல்ல பிள்ளையாக இருந்து, கல்லறைக் காவலே கைக்கு வந்த பிறகு, ஒரு ராத்திரி எலும்புகளைத் தூக்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்ததாக மடத்தின் கதையே சொல்கிறது. அவர்கள் வெட்கப்படவில்லை. புனிதைக்கே விருப்பமில்லாவிட்டால் அவள் வந்திருப்பாளா என்பது வாதம்!

எலும்புகளை வைக்க ஒரு சிலை செய்தார்கள், மரத்தின்மேல் பொன் தகடு, உடலெங்கும் மணிகள், பழைய ரோமானியத் தலை ஒன்றை எடுத்துப் பொருத்தியிருக்கிறார்கள். பொக்கிஷ அறையில் பார்த்திருப்பீர்கள், நேராக வெறித்துப் பார்க்கும் அந்தக் கண்கள். 1013 வாக்கில் ஆஞ்சேயிலிருந்து பெர்னார் என்ற படித்த குருவானவர் இதைக் கேலிசெய்யவே வந்தார். ஜூபிடர் சிலை மாதிரி இருக்கிறதே, சிலைவழிபாடு அல்லவா என்றார். கடைசியில் அவரே ஃபுவாவின் புதுமைகளைத் தொகுத்து எழுதும் பக்தராகிவிட்டார். புரட்சிக் காலத்தில் ஊர்க்காரர்கள் பொக்கிஷத்தை வீடு வீடாக ஒளித்துவைத்து, பிறகு திருப்பிக் கொடுத்ததால்தான் இன்று அது அங்கே இருக்கிறது.

அந்தச் சிலையைத் தேடி, ஸ்பெயினின் சந்தியாகோவுக்கு நடக்கிற யாத்திரிகர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அதற்குத்தான் அந்த அமைப்பு. பக்கக்கூடத்தில் நுழைந்து, பீடத்தின் பின்னால் பிரகாரம் மாதிரிச் சுற்றி, மறுபக்கம் வெளியேறலாம், நடுவில் ஜெபிக்கும் துறவிகளுக்குத் தொந்தரவில்லை. பீடத்தைச் சுற்றி நிற்கும் இரும்புக் கிராதிகளைத் தொட்டுப் பார்த்தீர்களா? ஃபுவா விடுவித்த கைதிகள் காணிக்கையாகக் கொண்டுவந்த சங்கிலிகளை உருக்கிச் செய்தவை என்பது ஊர்வழக்கு.

இப்போது வாசலுக்கு வாருங்கள். மேற்கு வாசலின் மேல் அரைவட்டத்தில் இறுதித் தீர்ப்புச் சிற்பம், 124 உருவங்கள். நமக்கு இடதுபக்கம் மோட்சம், வலதுபக்கம் நரகம். நரகம்தான் சுவாரசியம், எங்கேயும் அப்படித்தான். கழுத்தில் பணப்பை தொங்கத் தூக்கில் ஆடும் கஞ்சன், வேட்டைக்காரனைக் கம்பியில் கோர்த்துச் சுடும் முயல். மோட்சப் பக்கத்தில் ஒரு மடாதிபதி ராஜா ஒருவரைக் கைபிடித்து இழுத்துக்கொண்டு போகிறார், அது பேரரசர் சார்லமேன் என்பார்கள், ராஜா தயங்கித் தயங்கி நடக்கிறார். அதற்குக் கீழே ஓரமாகக் குட்டி ஃபுவா மண்டியிட்டிருக்கிறாள், மேகத்திலிருந்து ஒரு பெரிய கை நீண்டு அவளை நோக்கி வருகிறது, அவளுக்குப் பின்னால் வளைவுகளில் கைவிலங்குகள் தொங்குகின்றன. உள்ளே கிராதியில் கேட்ட அதே கதை. இன்னும் உற்றுப் பார்த்தால் நீலச் சாயம் அங்கங்கே ஒட்டியிருப்பது தெரியும்.

அந்த நீலம்தான் உங்கள் ஏமாற்றத்துக்கு என்னுடைய பதில். இந்தத் தேவாலயங்கள் வெறுங்கல்லாக நிற்கவேண்டியவை அல்ல. உள்ளே சுதை பூசி வண்ணம் தீட்டினார்கள், தூண், கூரை, சிற்பம் எல்லாவற்றிலும். காலம் கொஞ்சம் அழித்தது, மேலே வெள்ளையடித்தவர்கள் கொஞ்சம், கல்லைக் காட்டுகிறேன் என்று 19ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் சுரண்டியவர்கள் மிச்சம். கோதிக்காரன் சுவரைக் கழற்றி அந்த இடத்தில் கண்ணாடி வைத்தான். ரோமனெஸ்க் ஆட்களுக்கு அந்தச் சுவரே ஓவியத் திரை. ஜன்னல் சிறியதாக இருந்ததில் அவர்களுக்கு ஒரு லாபம், வரைய இடம் கிடைத்தது. திரையைக் கிழித்துவிட்டு வெற்றுச் சட்டத்தைக் காட்டினால் யாருக்கும் சலிப்புதான் வரும்.

நான் இதைப் புரிந்துகொண்டது ஸ்பெயினில், பார்சிலோனா அருங்காட்சியகத்தில். கத்தலோனியாவின் பிரெனீஸ் மலைப்பள்ளத்தாக்கில் தவுல் என்ற கிராமம், அங்கே சான் கிளிமென்ட் என்ற சிறிய தேவாலயம், 1123 டிசம்பர் 10 அன்று புனிதப்படுத்தியதாக உள்ளே ஒரு தூணில் எழுதிவைத்திருந்தார்கள். மரக்கூரைதான், பக்கத்தில் ஆறடுக்கு மணிக்கூண்டு. 1919 வாக்கில் அந்தப் பக்கத்து ஓவியங்களை வியாபாரிகள் மோப்பம் பிடித்தார்கள், மூர் என்ற ஊரின் பீட ஓவியம் அமெரிக்காவின் பாஸ்டனுக்கே போய்விட்டது. பதறிப்போன கத்தலோனிய அருங்காட்சியகக்காரர்கள் மிச்சத்தை வாங்கி இறக்கினார்கள். ஓவியத்தின் மேல் பசை தடவித் துணியை ஒட்டி, காய்ந்ததும் தோலுரிப்பது போல உரித்தெடுத்து, சுருட்டி மலையிலிருந்து இறக்கி, அருங்காட்சியகத்தில் அதே வளைவுள்ள மரச்சட்டங்களில் திரும்ப ஒட்டினார்கள். பின்பக்கம் போய்ப் பார்த்தால் கவிழ்த்த படகின் விலா மாதிரி மரக்கட்டைகள் தெரியும். நான் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்த்தேன், தவறான வழியாக நுழைந்துவிட்டேன்.

சுற்றி முன்னால் வந்ததும் நின்றுவிட்டேன். கிறிஸ்து வானவில் போன்ற ஒரு பட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிறார், பாதம் ஒரு உருண்டையின் மேல். பின்னணி நீலம் அந்த மலையிலேயே கிடைக்கும் ஏரினைட் என்ற கனிமத்திலிருந்து அரைத்தது. வலதுகை ஆசீர்வதிக்கிறது. இடதுகையில் விரித்த புத்தகம், அதில் லத்தீனில் நாலே சொற்கள்: உலகின் ஒளி நானே. இருட்டான ஒரு மலைக்கோயிலின் உள்வளைவில், சின்ன ஜன்னலுக்கு மேலே அந்த ஓவியன் இதை எழுதி வைத்திருக்கிறான். பக்கத்தில் ஒரு நாய், பைபிள் கதையில் வரும் ஏழை லாசரின் புண்ணை நக்குகிறது. வரைந்தவன் பெயர் எங்கேயும் இல்லை.

கண்ணாடிக்கு வருகிறேன், நீங்கள் அதைச் சொன்னதும் சிரித்துவிட்டேன். அது பியேர் சுலாஜின் வேலை. கோங்குக்குப் பக்கத்து ரொடேஸ் ஊரில் 1919இல் பிறந்தவர், வாழ்நாள் முழுக்கக் கறுப்பை வைத்தே வரைந்த பெரிய ஓவியர், சிறுவயதில் இந்தத் தேவாலயத்தைப் பார்த்துத்தான் ஓவியராக முடிவெடுத்ததாகச் சொன்னவர். நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்து அந்தக் கண்ணாடியை உருவாக்கி, 1994இல் 104 திறப்புகளிலும் பொருத்திமுடித்தார். நிறம் வேண்டாம், வருகிற வெளிச்சமே நாளுக்குள் நிறம் மாறட்டும் என்பது அவர் கணக்கு. குளியலறைக் கண்ணாடி என்று உள்ளூரிலும் அப்போது நிறையப் பேர் முணுமுணுத்தார்கள், எனவே உங்களுக்குக் கூட்டாளிகள் உண்டு. நீங்கள் நண்பகலில் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அந்த நேரத்தில் அது தட்டையாகத்தான் இருக்கும்.

அடுத்த கோடையில் மகன் மறுபடி கூப்பிட்டால் மாலையில் போங்கள். வாசல் மேற்கு பார்த்தது, அஸ்தமன வெயில் சிற்பத்தில் நேராக விழும். நரகம், மோட்சம் எல்லாம் பார்த்து முடித்த பிறகு, அரைவட்டத்தின் வெளிவிளிம்பைப் பாருங்கள். கல்லைத் துணி மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூக்கு வரைக்கும் மட்டும் தலையை நீட்டி, வரிசையாகச் சில குட்டி முகங்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். முதல் தடவை யார் கண்ணிலும் படாது. எத்தனை என்று எண்ணிவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்