பொதுமுடக்கத்தில் தள்ளிப்போன முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு மறுபடி தேதி கொடுத்திருக்கிறார்கள், அம்மாவுக்கு இப்போது செய்யலாமா?

செய்யலாம். ஆனால் தேதி கிடைத்துவிட்டதே என்று அப்படியே கிளம்பிவிடாதீர்கள்.

என் அம்மாவுக்கு 2020 மார்ச்சில் வலது முழங்கால் மாற்றுவதாக இருந்தது, அவசரமில்லாத அறுவை சிகிச்சை எல்லாவற்றையும் நிறுத்தியபோது அதுவும் நின்றுபோனது. ஒரு வருஷத்துக்கு மேல் வலியோடு காத்திருந்த பிறகு, அடுத்த வாரம் வந்து சேரச்சொல்லி போன் வந்தது. அம்மாவுக்குக் கொரோனா வந்து அப்போது ஐந்து வாரம்கூட ஆகவில்லை. லேசான காய்ச்சல்தான். போனில் யாரும் அதைக் கேட்கவில்லை, நாங்களாகச் சொன்ன பிறகுதான் டாக்டர் தேதியைத் தள்ளிவைத்தார்.

அது சின்ன விஷயமில்லை. 2021இல் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வில், தொற்று உறுதியாகி 6 வாரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 100 பேருக்குச் சுமார் 4 பேர் 30 நாளுக்குள் இறந்திருக்கிறார்கள். 7 வாரம் கடந்தவர்களிடம் அது ஒன்றரைக்கு இறங்கி, தொற்றே வராதவர்களின் அளவுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகும் மூச்சு வாங்கினால் இன்னும் பொறுக்க வேண்டும்.

அப்புறம், பழைய ரிப்போர்ட்டை நம்பாதீர்கள். காத்திருந்த காலத்தில் நடமாட்டம் குறைந்து சர்க்கரை ஏறியிருக்கும், தொடைத் தசை மெலிந்திருக்கும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் செயற்கை மூட்டு வைத்தால் கிருமி பிடிக்கும் ஆபத்து கூடும், அப்படிப் பிடித்துவிட்டால் மூட்டையே திறந்து மறுபடி செய்யவேண்டி வரலாம். வலி தாங்காமல் இடையில் முட்டியில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அதற்கும் அறுவைக்கும் நடுவே 3 மாத இடைவெளி கேட்பார்கள்.

கொரோனா பரவிய அந்தக் காலத்தில், மருத்துவமனையில் கொரோனா நோயாளிகளுக்குத் தனி வார்டு, தனி ஊழியர்கள் உண்டா, அறுவைக்கு முந்தைய 2, 3 நாளில் கொரோனா பரிசோதனை எடுப்பார்களா என்று நேரடியாகக் கேட்க வேண்டியிருந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச்செய்யும் மயக்கமருந்து முடியுமா என்று கேளுங்கள், மூச்சுக்குழாயில் குழாய் விடாமல் தப்பிக்கலாம். இரண்டு முட்டியையும் ஒரே நாளில் செய்வது உடம்புக்குப் பெரிய சுமை, வேண்டாம் என்பது என் கருத்து.

தள்ளிவைத்த அந்த வாரங்களில் அம்மா தினமும் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கித் தொடையை இறுக்கும் பயிற்சி செய்தார். அறுவை முடிந்த மறுநாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். உங்கள் அம்மாவை இன்றைக்கே அந்தப் பயிற்சியை ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.