பேரலல் புரோகிராம்களில் வரும் பிழைகளைக் குறைக்க ஹார்டுவேர் ஏதாவது செய்ய முடியுமா, இல்லை புரோகிராமர் கவனமாக எழுதுவது மட்டும்தான் வழியா?

நீங்கள் கேட்டிருக்கும் தொனியிலேயே தெரிகிறது, "கவனமாக எழுது" என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அனேகமாக உங்கள் டீம் லீட். எனக்கும் சொன்னார்கள். அதனால்தான் கையிலிருந்த வேலையை ஓரமாக வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஹார்டுவேரால் நிறையவே செய்ய முடியும். ஆனால் நம் தவறைச் சத்தமில்லாமல் தாங்கிக்கொள்ளும் ஹார்டுவேர் ஒரு வகை. "இங்கே தவறு நடந்தது" என்று வாயைத் திறந்து சொல்லும் ஹார்டுவேர் வேறு வகை. கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் முதல் வகை. என் கழுத்தை அறுத்ததும் அதுதான்.

சென்சார் அளவுகளைப் படித்துச் சேமிக்கும் ஒரு சி புரோகிராம். இரண்டு த்ரெட், அதாவது ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு வேலைகள். ஒன்று அளவை பஃபரில் எழுதிவிட்டு, 'தயார்' என்ற ஃப்ளாகை 1 ஆக்கும். மற்றது ஃப்ளாகைப் பார்த்துக்கொண்டே இருந்து, 1 ஆனதும் பஃபரைப் படித்துவிட்டு அதை மறுபடி 0 ஆக்கும். எழுதியவன் நான்தான். எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர் வகை) மெஷினில் நான்கு வருடம் ஒரு புகார் இல்லாமல் ஓடியது. அப்புறம் செலவைக் குறைக்க ஆர்ம் என்ற வேறு வகை ப்ராசஸர் உள்ள போர்டுக்கு மாறினோம். சில நாட்களுக்கு ஒருமுறை, ஏற்கெனவே பதிவான அளவே புதிய அளவாக மறுபடியும் பதிவாக ஆரம்பித்தது.

முதலில் பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டோம். மாற்றினோம். பிறகு சென்சாரை. பிறகு என்னை. பிரிண்ட் வரி ஒன்றைச் சேர்த்தால் பிழை மறைந்துவிடும், எடுத்தால் நாலு நாளில் திரும்ப வந்து நிற்கும். ஓட்டத்தைப் பதிவு செய்து அப்படியே திரும்ப ஓட்டிப் பார்க்கலாம் என்று, மொசில்லாவில் உருவான ஆர்.ஆர் கருவியை என் டெஸ்க்டாப்பில் போட்டேன். அது எல்லா த்ரெட்டையும் ஒரே கோரில் (ப்ராசஸருக்குள் தனியாக இயங்கும் ஒரு பகுதி), ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் ஓட்டும். என் பிழையோ இரண்டு கோர்களுக்கு நடுவே பிறந்தது. அங்கே அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

காரணம் பிடிபட 24 நாள் ஆனது. ஒரு கோர் நினைவகத்தில் எழுதும் எதையும் நேரே கொண்டுபோய் வைப்பதில்லை. ஸ்டோர் பஃபர் என்ற தன் சொந்தக் காத்திருப்பு வரிசையில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். எக்ஸ்86-இல் அந்த ஸ்டோர் பஃபர் வந்த வரிசையிலேயே காலியாகும், அதனால் அளவு முன்னால், ஃப்ளாக் பின்னால் என்றுதான் மற்ற கோர்கள் பார்க்கும். ஆர்ம் அந்த வாக்குறுதியைத் தருவதில்லை. ஃப்ளாக் முந்திக்கொண்டு தெரியலாம். படிக்கும் பக்கமும், அளவு இருக்கும் என் பஃபரை ஊகத்தில் முன்கூட்டியே படித்து வைத்திருக்கலாம். பிரிண்ட் வரி ஏன் காப்பாற்றியது? அதற்குள், ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் லாக் ஒன்று இருக்கிறது, லாக்கோடு வரிசையைக் கட்டிப்போடும் தடையும் வருகிறது. திருத்தம் இரண்டே வரி: எழுதும் பக்கம் ரிலீஸ் (இதற்கு முன் எழுதியது முதலில் தெரியட்டும்), படிக்கும் பக்கம் அக்வயர் (இதற்குப் பின் படிப்பது முந்தக் கூடாது).

"வாலடைல் போதும் என்று நினைத்தாயா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: ஆமாம், நினைத்தேன். வாலடைல் என்று குறித்தவற்றின் வரிசையைக் கம்பைலர் தங்களுக்குள் மாற்றாமல் அது பார்த்துக்கொள்ளும், ப்ராசஸரை அது கட்டுப்படுத்தாது என்று இப்போது தெரியும். "ரஸ்ட் மொழியில் எழுதியிருந்தால் வந்திருக்காது" என்பவர்களுக்கு: அங்கேயும் ஆர்டரிங் என்ற இடத்தில் ரிலாக்ஸ்டு (வரிசை முக்கியமில்லை) என்று எழுதினால் கம்பைலர் முகம் சுளிக்காது. ஆர்ம் மோசமான சிப் என்றும் நான் சொல்லவில்லை. அது தன் கையேட்டில் எழுதியிருப்பதைத்தான் செய்தது. கையேட்டைப் படிக்காதது நான். நான்கு வருடம் என் தவறை மூடி வைத்திருந்தது எக்ஸ்86.

இதில் நான் ஒன்றும் முதல் ஆள் இல்லை. தெராக்-25 கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1985 முதல் 1987 வரை ஆறு பேருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்தது, சிலர் இறந்தார்கள். காரணங்களில் ஒன்று, ஒரே நேரத்தில் ஓடிய வேலைகளுக்கு நடுவே இருந்த ரேஸ், அதாவது எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விடை மாறும் பிழை. பலருக்குத் தெரியாதது இது: முந்தைய தெராக்-20 மாடலின் மென்பொருளிலும் அதே மாதிரிப் பிழை இருந்தது. அதில் தனியாக ஹார்டுவேர் பாதுகாப்புப் பூட்டு இருந்ததால் ஃப்யூஸ் போவதோடு நின்றுவிட்டது. ஃப்யூஸ் ஏன் போகிறது என்று யாரும் தோண்டவில்லை. புது மாடலில் அந்தப் பூட்டை எடுத்துவிட்டு மென்பொருளை நம்பினார்கள். பூட்டு உயிரைக் காப்பாற்றியது, மறுப்பதற்கில்லை. ஆனால் தான் காப்பாற்றியதை அது யாரிடமும் சொல்லவில்லை.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். 1979-இல் கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் சொன்ன வரையறை எளிமையானது: எல்லாக் கோர்களின் செயல்களும் ஏதோ ஒரே வரிசையில் நடந்தது போலவும், ஒவ்வொரு கோரின் செயல்களும் அதன் புரோகிராம் வரிசையிலேயே நடந்தது போலவும் விடை வர வேண்டும். புரோகிராமர் மனதில் வைத்திருக்கும் மெஷின் அதுதான். எக்ஸ்86 கூட அதை முழுதாகத் தருவதில்லை. ஓர் இடத்தில் எழுதிவிட்டு உடனே வேறோர் இடத்தைப் படித்தால், படிப்பது முந்திக்கொள்ளலாம். ஆப்பிளின் எம்1 சிப்பில் ஒரு நல்ல வசதி உண்டு. எக்ஸ்86 புரோகிராம்களை ஓட்டுவதற்காக, எக்ஸ்86-இன் கடுமையான வரிசையை ஒரு ஸ்விட்ச் போல இயக்கிக்கொள்ளலாம். அப்படி ஒரு ஸ்விட்ச் எங்கள் போர்டில் இருந்திருந்தால் ஒரே வாரத்தில் முடித்திருப்பேன். போட்டால் பிழை போகிறது, எடுத்தால் வருகிறது, அப்படியென்றால் சென்சாரை விட்டுவிட்டு வரிசையைப் பார்.

டிரான்சாக்ஷனல் மெமரியைப் பற்றி யாராவது சொல்வார்கள். 1993-இல் ஹெர்லிஹியும் மாஸும் முன்வைத்த அழகான யோசனை: ஒரு தொகுதிச் செயல்கள் முழுதாக நடக்கும், இல்லையென்றால் நடக்கவே இல்லாத மாதிரி ஹார்டுவேர் பார்த்துக்கொள்ளும். இன்டெல் 2013-இல் ஹாஸ்வெல் ப்ராசஸரில் கொண்டுவந்தது, 2014-இல் அதிலேயே ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டு மைக்ரோகோட் (ப்ராசஸரின் உள் கட்டளைகள்) திருத்தத்தின் மூலம் அணைக்கப்பட்டது. பிழையைக் குறைக்க வந்ததில் பிழை! ஐபிஎம்-மும் பவர்8 ப்ராசஸரில் கொடுத்து பவர்10-இல் எடுத்துவிட்டது. டிரான்சாக்ஷன் கேஷில் (கோருக்கு அருகிலுள்ள சிறிய, வேகமான நினைவகம்) அடங்காவிட்டால் பழைய லாக்குக்கே திரும்ப வேண்டும் என்பதால், லாக் எழுதும் வேலையும் மிச்சமாகவில்லை.

எனக்குப் பிடித்தது சாட்சி சொல்லும் ஹார்டுவேர். 2003-இல் வந்த ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை, விமானத்தின் கறுப்புப் பெட்டி மாதிரி ஒன்றைக் கணினிக்கு முன்வைத்தது. எந்தக் கோர் எதை எப்போது தொட்டது என்ற தகவல் கேஷ்களுக்கு நடுவே ஏற்கெனவே போய்வந்துகொண்டுதான் இருக்கிறது. அதிலிருந்து தேவையானதை மட்டும் பதிந்து வைத்தால், விபத்துக்கு முந்தைய கணங்களைத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். இன்னும் என் மேசைக்கு அது வரவில்லை. நினைவகப் பிழைகளுக்கு மட்டும் செய்கிறார்கள். சில புதிய ஆர்ம் சிப்களில் ஒவ்வொரு 16 பைட்டுக்கும் 4 பிட் அடையாளம் வைத்து, தவறான பாயின்டரை (நினைவக முகவரியை) பெரும்பாலும் ஹார்டுவேரே பிடித்துவிடுகிறது. அதற்கு மனம் வந்தவர்களுக்கு ரேஸுக்கு ஏன் வரவில்லை என்பதுதான் என் கேள்வி. செலவாகும், சிப்பில் இடம் பிடிக்கும், தெரியும். என் 24 நாளுக்கும் செலவு உண்டு.

அந்த 24 நாளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. அந்த வருட மதிப்பீட்டில் "முடித்த பணிகளின் எண்ணிக்கை: குறைவு" என்று வந்தது. "இரண்டு வரிக்கு ஒரு மாதமா?" என்று கேட்டார் மேலாளர். அதே மாதத்தில் பட்டன் நிறத்தை ஒன்பது முறை மாற்றியவருக்கு ஒன்பது பணி. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் கேட்டவர் இந்தத் துறைக்கு வருவதாக இருந்தால் தெரிந்துகொள்ளட்டும்.

அப்படி ஒரு ஹார்டுவேர் வரும்வரை, ரேஸைக் கண்டுபிடிக்கும் த்ரெட் சானிடைசர் என்ற மென்பொருள் கருவி இருக்கிறது. ஒவ்வொரு நினைவக அணுகலையும் மென்பொருளே சரிபார்ப்பதால் புரோகிராம் 5 முதல் 15 மடங்கு மெதுவாகும், நினைவகமும் 5 முதல் 10 மடங்கு தின்னும். எங்கள் போர்டு தாங்காது என்று தொடவே இல்லை. எல்லாம் முடிந்த பிறகு, ஒரு சனிக்கிழமை, திருத்தாத பழைய புரோகிராமை என் எக்ஸ்86 டெஸ்க்டாப்பிலேயே அதில் ஓட்டிப் பார்த்தேன். எந்த வரிசைக்குப் புரோகிராமில் உத்தரவாதம் இருக்கிறது என்பதைத்தான் அது பார்க்கிறது, சிப் என்ன செய்தது என்பதை இல்லை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதே இரண்டு வரியைக் காட்டியது.

மேலாளரிடம் இதை நான் சொல்லவில்லை.