கேளுங்கள், சொல்கிறோம்: பெட்டிக்குள் சுற்றிய கயிறு

கேள்வி: அமெரிக்காவில் வட கரோலினாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஹேட்டரஸ் தீவில் சிக்கமக்கோமிக்கோ என்ற பழைய மீட்பு நிலையத்தைப் பார்த்தோம். கரையோரம் கப்பல் உடைந்தால் ஆட்களைக் காப்பாற்ற 1874-ல் கட்டியதாம். 1954-ல் மூடிவிட்டார்கள், இப்போது அருங்காட்சியகம். வேலை முடிந்துபோன ஒரு மரக் கட்டடத்துக்கு இத்தனை பாடு எதற்கு? கடலே இல்லாத நம்ம சேலத்துக்கு இதில் என்ன இருக்கிறது?
– வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. கோடையில் போயிருந்தால் அங்கே நடத்திக் காட்டும் பயிற்சியையும் பார்த்திருப்பீர்கள். அந்த நிலையத்தின் உயிரே அதுதான்.

சின்னதாக ஒரு பீரங்கி, லைல் பீரங்கி என்பார்கள். அதன் குண்டில் மெல்லிய கயிற்றைக் கட்டி உடைந்த கப்பலை நோக்கிச் சுடுவார்கள். அந்தக் கயிற்றைச் சாதாரணமாகச் சுருட்டி வைத்தால் பறக்கும்போது சிக்கிக்கொள்ளும், சிக்கினால் அறுந்துவிடும். அதனால் வரிசையாக முளைகள் அடித்த ஒரு பெட்டியில் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி வைத்திருப்பார்கள். கயிறு கப்பலில் விழுந்ததும் அதைப் பிடித்து இழுத்தால் அடுத்து தடித்த வடம் போய்ச் சேரும், கூடவே ஒரு மரப்பலகை, அதில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் பிரெஞ்சு. அப்புறம் மிதவை வளையத்தில் அரைக்கால் சட்டையைத் தைத்தது போன்ற ஒன்று வடத்தில் தொங்கிப் போகும். அதற்குள் காலை விட்டு உட்கார்ந்தால் ஒவ்வொருவராகக் கரைக்கு இழுத்துவிடுவார்கள். இவ்வளவையும் 5 நிமிடத்துக்குள் செய்து முடிக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் பழக்கினார்கள்.

இதையெல்லாம் பலகையில் எழுதி மாட்டலாம், படிப்பவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் கயிறு சிக்காமல் சுற்றுவது ஒருவர் கையைப் பார்த்து இன்னொருவர் கை பழகினால்தான் வரும், அது ஒரு தலைமுறை விட்டுப்போனால் போனதுதான். 1918 ஆகஸ்ட் 16 அன்று மிர்லோ என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பல் வெடித்து கடலே தீப்பிடித்து எரிந்தபோது, இந்த நிலையத்து ஆட்கள் படகில் போய் 51 பேரில் 42 பேரை மீட்டார்கள். அந்தப் படகு இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் இருந்தால் என் பிள்ளைகளை அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்கவைப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு மனசு ஆறாத விஷயம். அதே கரையில் பட்டாணித் தீவு என்று பொருள்படும் பெயரில் ஒரு நிலையம். தலைவர் ரிச்சர்ட் எதரிட்ஜ், அடிமையாகப் பிறந்தவர், குழுவில் எல்லோரும் கறுப்பினத்தவர். 1896 அக்டோபரில் ஈ.எஸ். நியூமன் என்ற கப்பல் புயலில் தரைதட்டியது. கடற்கரை முழுக்கத் தண்ணீர், வடத்துக்கு நங்கூரம் புதைக்க மணல் இல்லை. இரண்டிரண்டு பேராகக் கயிற்றைக் கட்டிக்கொண்டு அலைக்குள் இறங்கி, திரும்பத் திரும்ப நீந்திப் போய், ஒரு குழந்தை உட்பட 9 பேரையும் கொண்டுவந்தார்கள். பதக்கம் கிடைத்தது 1996-ல், சரியாக நூறு வருஷம் கழித்து! ஒருவர்கூட அப்போது உயிரோடு இல்லை. அதுவாவது கிடைத்ததற்குக் காரணம், நிலையத்தின் நாள்பதிவேடுகள் தப்பியிருந்தன, பின்னால் வந்தவர்கள் அவற்றைத் தேடி எடுத்துப் படித்தார்கள். எழுதி வைத்தது மட்டும் போதவில்லை பாருங்கள், அதை எடுத்துச் சொல்லவும் ஆள் வேண்டியிருந்தது.

சேலத்துக்கு என்ன என்று கேட்டீர்கள். நமக்குக் கடல் இல்லை, காவிரி இருக்கிறது. மேட்டூரில் 16 கண் மதகு திறந்தால் கரையோர ஊர்களில் யாரைக் கூப்பிடுகிறோம்? பூலாம்பட்டியில் ஒரு பரிசல்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். மூங்கில் பிளாச்சு பின்னி, சாக்கு ஒட்டி, தார் பூசிக்கொண்டிருந்தார், கையெல்லாம் கறுப்பு. தண்ணியில் தத்தளிக்கிறவனைப் பரிசலுக்குள் தூக்கக் கூடாது, கவிழ்ந்துவிடும், துடுப்பைப் பிடிக்கச் சொல்லி அப்படியே கரைக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்றார். இதுவரை எத்தனை பேரை இழுத்தீர்கள் என்றேன். 'அதையெல்லாம் யாரு எண்ணுறாங்க' என்று மறுபடி தாரில் கையை விட்டுவிட்டார். அந்தக் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

கேள்வி: பள்ளி மாணவர்களை வைத்து நம்ம பரிசல்காரர்களின் மீட்பு அனுபவங்களைத் தொகுக்க முடியுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?
– ஆசிரியர், ஏற்காடு

பதில்: தாராளமாக முடியும். மலையிலிருந்து இறங்கி பூலாம்பட்டிக்கு ஒரு நாள் கூட்டிப் போங்கள். போனில் ஒலிப்பதிவு செய்தால் போதும், ஆனால் பெயர், ஊர், தேதி மூன்றையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள், பரிசல்காரரின் சம்மதம் கேட்டுக்கொண்டு. பழைய துடுப்பையோ கயிற்றையோ கேட்டு வாங்கி வந்து பள்ளியில் வைக்காதீர்கள், அவருக்கு அது வேலைச் சாமான். படம் எடுத்தால் போதும். 'உங்கள் வீர அனுபவம் சொல்லுங்கள்' என்று கேட்டால் எவரும் கூச்சப்படுவார்கள். 'எந்தத் தண்ணியில பரிசல் இறக்க மாட்டீங்க?' என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். பதிவானதை எங்களுக்கும் அனுப்பினால் இதே பக்கத்தில் போடுகிறோம்.