சமையல் மேடைக்கு எந்தக் கல்?

கேள்வி: பழைய வீட்டின் சமையலறையைப் புதுப்பிக்கிறோம். மகன் வெள்ளை குவார்ட்ஸ்தான் போட வேண்டும் என்கிறான். கொத்தனார் கறுப்பு கிரானைட் போதும் என்கிறார். என் கணவருக்கோ மார்பிள் மீது ஆசை. மூன்று வேளையும் வீட்டிலேயே சமைக்கிறோம். எதைத் தேர்ந்தெடுப்பது? (கும்பகோணம் வாசகி)

பதில்: உங்கள் கொத்தனார் சொல்வதே சரி. காரணத்தை வீட்டில் மற்றவர்களுக்கும் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மார்பிள் என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். புளிக்கரைசலோ எலுமிச்சைச் சாறோ அதன் மீது சிந்தினால், அந்த அமிலம் கல்லின் மேற்பரப்பையே கரைத்து அரித்துவிடும். அவ்வாறு உண்டாகும் மங்கலான வடு கறை அன்று. பாலிஷ் போன இடம். எவ்வளவு தேய்த்தாலும் போகாது, மறுபடி பாலிஷ் போட்டால்தான் சரியாகும். நாள்தோறும் ரசத்துக்குப் புளி கரைக்கும் வீட்டில் எத்தனை முறை பாலிஷ்காரரை அழைப்பது? உங்கள் கணவரின் ஆசையைப் பூஜையறைத் தரையில் நிறைவேற்றிக்கொள்ளலாம்.

குவார்ட்ஸ் என்று கடையில் விற்கப்படுவது மலையிலிருந்து அப்படியே வெட்டி எடுத்த கல் அன்று. பொடித்த குவார்ட்ஸ் கனிமத்தைப் பிளாஸ்டிக் போன்ற செயற்கைப் பிசினோடு கலந்து, அழுத்தி, இறுக வைத்துத் தயாரிக்கும் பலகை அது. எடையில் ஏறத்தாழ 90 சதவீதம் கல், மீதி பெரும்பாலும் பிசின். நீரை உறிஞ்சாது, எலுமிச்சைக்கும் அஞ்சாது என்பவை அதன் உண்மையான சிறப்புகள். ஆனால் அந்தப் பிசின் ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் தாங்காது. தோசை வார்க்கும் கல்லின் சூடு அதைவிட அதிகம். அவசரத்தில் ஒருமுறை அதை இறக்கி மேடை மீது வைத்துவிட்டால் விழும் பழுப்புத் தடம் பிறகு மறையாது. வெள்ளைப் பலகையில் மஞ்சள்தூளை இரவு முழுவதும் விட்டுவைத்தாலும் நிறம் பிடித்துக்கொள்ளும்.

இதில் என் மனத்தை உறுத்தும் வேறொன்றும் உண்டு. குவார்ட்ஸ் என்பதே சிலிக்கா என்னும் பொருள்தான். இந்தப் பலகையை அறுக்கும்போது பறக்கும் நுண்ணிய சிலிக்கா தூள், அறுப்பவரின் நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோயைத் தருகிறது. இதனாலேயே ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இதன் தயாரிப்பையும் விற்பனையையும் பொருத்துதலையும் தடைசெய்தது. மேடையாகப் பொருத்திய பிறகு சமைப்பவருக்கு அதனால் தீங்கில்லை. துன்பம் முழுவதும் அறுக்கும் தொழிலாளிக்குத்தான். கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, ஆனால் குவார்ட்ஸ் பலகையில் உள்ளதைவிட மிகவும் குறைவு. எந்தக் கல்லானாலும் உங்கள் வீட்டில் வைத்து அறுப்பவர்கள் தண்ணீர் விட்டு, முகக்கவசம் அணிந்துதான் அறுக்க வேண்டும் என்று நீங்களே வற்புறுத்துங்கள்.

கறுப்பு கிரானைட் என்பது வியாபாரப் பெயர். நிலவியலாளர்கள் அவற்றில் பலவற்றை டோலரைட் அல்லது கேப்ரோ என்பார்கள். விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கல் இந்த வகையில் பெயர் பெற்றது. பூமிக்கடியில் உருகிய குழம்பு குளிர்ந்து இறுகிய பாறை என்பதால் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தின் சூடு அதற்கு ஒரு பொருட்டில்லை. நெருக்கமான அமைப்பு உடையதாகையால் எண்ணெயும் மஞ்சளும் எளிதில் உள்ளே இறங்குவதில்லை. வெளிர்நிறக் கிரானைட்டுகள் இந்த அளவுக்கு நெருக்கமானவை அல்ல. காஷ்மீர் ஒயிட் என்ற பெயரில் விற்பது காஷ்மீரத்துக் கல் அன்று, நம் மதுரைப் பக்கத்தில் வெட்டி எடுப்பதுதான். பார்வைக்கு அழகானது, ஆனால் நீரை உறிஞ்சும். அதைப் போட்டால், கல்லுக்குள் நீரும் எண்ணெயும் இறங்காமல் தடுக்கும் சீலர் என்னும் பூச்சைப் பூச வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும்.

கேள்வி: கடையில் எல்லாக் கல்லும் பளபளவென்றுதான் இருக்கின்றன. நல்லதை எப்படிக் கண்டறிவது? (திருப்பூர் வாசகர்)

பதில்: பணம் கொடுக்கும் முன் அதே கல்லின் சிறு துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அதன் மீது தண்ணீர், நல்லெண்ணெய், எலுமிச்சைச் சாறு மூன்றையும் தனித்தனியே சில துளிகள் விட்டு, மறுநாள் காலை துடைத்துப் பாருங்கள். தண்ணீர் விட்ட இடம் கறுத்திருந்தால் அது உறிஞ்சும் கல். எலுமிச்சை விட்ட இடம் மங்கியிருந்தால் அது மேடைக்கு ஆகாது. சாம்பல் நிறக் கல்லுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி விற்பதும் உண்டு. நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோனை வெள்ளைத் துணியில் நனைத்துத் தேய்த்தால் சாயம் துணியில் இறங்கிவிடும்.

பலகையின் ஓரத்தில் கனத்தை நீங்களே அளந்து பாருங்கள். 18 முதல் 20 மில்லிமீட்டர் இருப்பது நல்லது. கல் உடைவது பெரும்பாலும் சிங்க்குக்காக வெட்டிய இடத்தில்தான், ஏனெனில் அங்கே முன்னும் பின்னும் குறுகிய பட்டையே எஞ்சுகிறது. அந்த இடத்தில் இணைப்பு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடியில் தாங்கல் கொடுக்கச் சொல்லுங்கள். முன் விளிம்பின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு கோடு போலப் பள்ளம் இழைத்துவிட்டால், வழியும் தண்ணீர் கீழே உள்ள மர அலமாரிக் கதவுக்குள் போகாமல் அங்கேயே சொட்டிவிடும். கேட்காவிட்டால் யாரும் இதைச் செய்து தருவதில்லை.

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது கடப்பா கல். வெளுத்துத் திட்டுத்திட்டாக இருக்கிறது. ஆசிட் ஊற்றிக் கழுவலாமா? (வேலூர் வாசகி)

பதில்: வேண்டவே வேண்டாம். கறுப்பாக இருப்பதால் கிரானைட்டின் உறவு என்று தோன்றினாலும், கடப்பா சுண்ணாம்புக் கல் வகையைச் சேர்ந்தது. ஆசிட் பட்டால் நுரைத்து அரிக்கும், இப்போதுள்ள திட்டுகள் குழிகளாகும். புளித்த மாவும் எலுமிச்சையும் பல ஆண்டுகளாகச் செய்ததையே ஆசிட் ஒரே நாளில் செய்துவிடும். மெஷின் வைத்துப் பாலிஷ் போடுபவரை அழையுங்கள். அதன்பின் மென்மையான சோப்பு நீரால் துடையுங்கள், புளிப்பான எது சிந்தினாலும் உடனே துடைத்துவிடுங்கள். மேடை விரிசல் இல்லாமல் இருந்தால் அதை உடைத்து எடுக்க அவசியமில்லை.