பதில்: டிபிஎஸ்ஸிலிருந்து ஆக்சியாத்தா அரேனா போவது எப்படி?

வணக்கம் சகோதரி. ஈப்போவிலிருந்து பஸ்ஸில் கோலாலம்பூரின் டிபிஎஸ் பஸ் நிலையம் வந்து, அப்பாவோடு ஆக்சியாத்தா அரேனா அரங்கத்தில் மலேசிய ஓப்பன் பேட்மிண்டன் பார்க்கப் போக கிரேப் வாடகைக் கார் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஆட்ட நாளில் அரங்க வாசலில் கார் நகராது.

டிபிஎஸ்ஸிலிருந்து பாலம் வழியாக நடந்தால் பண்டார் தாசேக் செலாத்தான் எல்ஆர்டி ரயில் நிலையம். 'புத்ரா ஹைட்ஸ்' என்று போட்டிருக்கும் பக்கம் ஏறுங்கள். சுங்கை பீசிக்கு அடுத்தது புக்கிட் ஜாலில், இரண்டாவது நிறுத்தம்தான். இறங்கினால் அரங்கம் நடக்கிற தூரம்.

ரயில் கட்டணத்துக்கான டச் அண்ட் கோ அட்டையில் திரும்பி வருகிற பயணத்துக்கான காசையும் முதலிலேயே ஏற்றிவிடுங்கள். ஆட்டம் முடிந்ததும் ரயில் டோக்கன் வாங்கும் இயந்திரத்தின் முன் கூட்டம் நெரியும். அப்புறம், பெவிலியன் புக்கிட் ஜாலில் என்பது ஒரு பேரங்காடி, வேறு இடம். பேரைப் பார்த்து அங்கே போய்விடாதீர்கள், அப்பாவுக்குக் கால் வலிக்கும்!