முதலில் தண்ணீர், அப்புறம் ஆஸ்பத்திரி

கேள்வி: ஏற்காட்டில் வளர்ந்த எங்கள் பக் நாயைச் சித்திரை வெயிலில் சேலத்துக்குக் கூட்டிவந்தோம். மூச்சிரைத்து, வாந்தி எடுத்துச் சுருண்டுவிட்டது. ட்ரிப் ஏற்றிய பிறகுதான் பிழைத்தது. மறுபடி இப்படி ஆனால்?
- வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: பிழைத்ததே பெரிய நிம்மதி, அம்மா. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். பக்குக்கு மூக்கு சப்பை என்பதால் அதுவும் சரியாக நடக்காது. உடல்சூடு 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிறுநீரகம், குடல், மூளை எல்லாமே பாதிக்கப்படும். உடனே உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஃபேன் காற்றில் வையுங்கள், மயங்கியிருந்தால் வாயில் மட்டும் ஊற்றவே கூடாது. அப்புறம் டாக்டருக்குப் போன் செய்துவிட்டு ஏசி காரில் கிளம்புங்கள். தெளிந்துவிட்டதே என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள்: ஓரிரு நாள் கழித்தும் சிறுநீரகம் பழுதாகலாம், அதனால்தான் ரத்தப் பரிசோதனை செய்து அங்கேயே வைத்துப் பார்க்கிறார்கள்.