அப்பாவுக்கு மாரடைப்பு வந்திருக்கிறது. எனக்கு 34 வயது. மருந்து இல்லாமல், அன்றாடப் பழக்கங்களாலேயே இதயத்தைக் காப்பாற்ற முடியுமா?

"மருந்து இல்லாமல்" என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். என் ஐயா சொன்னதும் அதேதான்.

நான் டாக்டர் இல்லை. யாழ்ப்பாணம் கோண்டாவிலில் நாலு பேருக்குச் சமைக்கிறவள். மருத்துவம் படித்தவர்கள் பிழை கண்டால் திருத்துங்கள், ஆனால் "உனக்கென்ன தெரியும்" என்று வரவேண்டாம். பட்டதைத்தான் எழுதுகிறேன்.

ஐயாவுக்கு 62 வயதில் பிரஷர் இருப்பது தெரிந்தது. மாதாமாதம் கிளினிக் போவார், கொப்பியைக் காட்டிக் குளிசை வாங்குவார், விடியத் தேத்தண்ணீருக்கு முன் போடுவார். ஆறு வருடம் அப்படித்தான் போனது. ஒரு நாள் 120/80 என்று சந்தோஷமாக வந்து சொன்னார். அது குளிசை பிடித்து வைத்திருந்த 120 என்று எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

மார்கழி மாதம், இரவு ஒன்பதரை இருக்கும். சாப்பிட்டுவிட்டு விறாந்தைக்கு வந்தவர், நெஞ்சுக்குள் அம்மியை ஏற்றி வைத்தது மாதிரி இருக்கு என்றார். வாய்வு என்று அம்மா உள்ளி சுட்டுக் கொடுத்தார். நான் கடைக்கு ஓடிப்போய் சோடா வாங்கி வந்தேன். வெளியே மழைக்குளிர், ஐயாவின் பெனியன் மட்டும் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. இந்தக் குளிரில் ஏன் வேர்க்கிறது என்று யோசித்தேன். யோசித்துவிட்டு ஃபேனைப் போட்டேன்! இடது கை உளைகிறது என்று அவர் சொன்ன பிறகுதான் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சை அழைத்தோம். அப்போது மணி பதினொன்றரை.

வார்டில் டாக்டர் என்னென்ன குளிசை என்று கேட்டார். அம்மா கிளினிக் கொப்பியை நீட்டினார். அதில் கடைசித் திகதிக்குப் பிறகு நாலு மாதம் ஓடியிருந்தது. "சுகமாத்தானே இருந்தன், மருந்து இல்லாமலே சமாளிக்கலாம் எண்டு விட்டிட்டன்" என்று ஐயா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். உயிர் தப்பினார். ஆனால் இரத்தம் போகாமல் செத்த இதயத்தசை திரும்ப வளராது. யுத்தத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், பெட்ரோல் இல்லாமல், தினமும் சுன்னாகம் வரை சைக்கிள் மிதித்த மனிதருக்கு இப்போது கிணற்றடிக்குப் போய் வந்தாலே மூச்சு வாங்குகிறது.

கனடாவில் இருக்கும் அண்ணா வீடியோவில் வந்து "நீங்கள் ஒழுங்காய்ப் பார்க்கவில்லை" என்றார். காசு அனுப்புகிறார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் விடிய ஆறு மணிக்கு நம்பர் எடுக்க வரிசையில் நிற்பது யார்? காணி உறுதி யாரிடம் இருக்கிறது என்று கேட்க மட்டும் கிழமைக்கு இரண்டு தரம் அழைக்கத் தெரிகிறது. சரி, அது இங்கே வேண்டாம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் மூன்றையும் பாருங்கள். பிரஷர் ஏறினாலும் உடம்பு சொல்லாது, அளந்தால்தான் தெரியும். அப்பாவுக்கு 55 வயதுக்கு முன் வந்ததென்றால் அதையும் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் பழக்கங்களே போதும் என்று டாக்டரே சொல்லக்கூடும். குளிசை தந்தால், அதை நாள் தவறாமல் போடுவதும் ஒரு பழக்கம்தான்.

சமையலில் நான் பிடித்துக்கொண்டது உப்பை. ஆஸ்பத்திரியால் வந்த கிழமை, 400 கிராம் உப்புப் பைக்கற்றில் திறந்த திகதியைப் பேனாவால் எழுதி வைத்தேன். பத்தாம் நாள் பைக்கற் காலி. ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 கிராம்! உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிகூட இல்லை. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், கடைப்பாண் எதையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. இப்போது சோற்றுக்கு உப்புப் போடுவதில்லை, கறிக்குத் தேசிக்காய் கொஞ்சம் கூடப் பிழிகிறேன். முதல் மூன்று கிழமை வீட்டில் முணுமுணுப்பு, பிறகு நாக்குப் பழகிவிட்டது. பைக்கற் இப்போது 19 நாள் வருகிறது. நீங்களும் திகதியை எழுதிப் பாருங்கள்.

தேங்காய்ப்பாலை விடச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்பவேண்டாம். சொதி இல்லாமல் எங்களுக்கும் இடியப்பம் இறங்காது. முதற்பாலைக் குறைத்து, பிறகு பிழிகிற தண்ணிப் பாலான கப்பிப்பாலில் வைக்கிறேன், அவ்வளவுதான். தேங்காய்க் கொழுப்பில் பெரும்பகுதி கெட்ட கொலஸ்ட்ரோலை ஏற்றுகிற வகை.

நடை, கிழமையில் ஐந்து நாள், அரை மணி நேரம். சந்திக் கடைக்கு மோட்டார்சைக்கிளை எடுக்காதீர்கள். புகைக்கிறீர்கள் என்றால் மற்றதெல்லாவற்றுக்கும் முன் அதை விடுங்கள். ஒரு வருடத்திலேயே ஆபத்து ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. நெஞ்சு அழுத்தமும் வேர்வையும் சேர்ந்து வந்தால் சோடா தேடாதீர்கள், அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. உங்கள் அப்பா குளிசை போடுகிறாரா? கேட்டால் போடுகிறேன் என்றுதான் சொல்வார். கொப்பியை வாங்கிக் கடைசித் திகதியைப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது அந்த நாலு மாதமும் ரேடியோவுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது.